வாங்கிய நிறுவனம் திவால் நடவடிக்கையில்: பில் பாக்கியை எப்படிக் கோருவது?

கேள்வி: ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறோம். ரூ.38 லட்சம் பாக்கி. சிவில் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அவர்கள் தந்த ஒரு செக் பவுன்ஸ் ஆகி, போன வருடமே செக் கேஸும் போட்டோம். ஐந்து வாரத்துக்கு முன்பு அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டதாம், இப்போதுதான் தெரிந்தது. கெடு முடிந்ததா? கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்கலாமா? தொடர்ந்து சரக்கு கேட்கிறார்கள், அனுப்பலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றதுமே, 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி மாரடோரியம், அதாவது நிறுவனத்தின் மீது வழக்கும் வசூலும் நடத்தத் தற்காலிகத் தடை, வந்துவிடும். நிறுவனத்தின் மீதான உங்கள் சிவில் வழக்கு அங்கேயே நிற்கும். இனி நிறுவனத்திடம் பணம் கோர ஒரே வழி, திவால் நடவடிக்கையை நடத்தும், ஆர்.பி. என்று சொல்லப்படும் தீர்வு நிபுணரிடம் கிளெய்ம் கொடுப்பதுதான்.

பொது அறிவிப்பில் இருக்கும் 14 நாள் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் நடவடிக்கை தொடங்கி 90 நாள், அல்லது தீர்வுத் திட்டங்களை (நிறுவனத்தை மீட்டுக் கடன்களைத் தீர்க்கும் திட்டங்களை) கேட்டு அழைப்பு வெளியாகும் தேதி, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கலாம். அதைத்தான் இந்த வாரமே செய்யுங்கள். ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் முடியும் என்று யாராவது சொல்வார்கள். அந்த வரம்பு திவால் மனு போடுவதற்கு. கிளெய்முக்குக் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது.

சரக்கோ சேவையோ தந்தவர்களுக்கு 'படிவம் பி'. பில், டெலிவரி சலான், லெட்ஜர், வங்கி ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில் எல்லாம் இணையுங்கள். பாக்கியை ஒப்புக்கொண்டு அவர்கள் அனுப்பிய மெயில் இருந்தால் அதை முதலில் வையுங்கள். வட்டி கேட்பதானால் பர்ச்சேஸ் ஆர்டரிலோ பில்லிலோ அதற்கு ஆதாரம் வேண்டும். வட்டிக் கணக்கு, திவால் நடவடிக்கை தொடங்கிய தேதியோடு நிற்கும். ஆர்.பி. நீதிபதி இல்லை, கணக்கைச் சரிபார்ப்பவர். அவர் குறைத்தாலோ மறுத்தாலோ தீர்ப்பாயத்தில் 60(5) பிரிவின் கீழ் மனு போடலாம். கடன் கொடுத்தோர் பட்டியல் வெளியானதும் உங்கள் பெயரையும் தொகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு வரும்? ஆசை காட்ட விரும்பவில்லை. திட்டத்தை ஏற்பதா என்று 66 சதவீத வாக்கில் முடிவு செய்வது பெரும்பாலும் வங்கிகள். உங்களுக்கு வாக்கு இல்லை. நிறுவனத்தைக் கலைத்தால் கிடைத்திருக்கும் தொகைக்குக் குறையாமல் தர வேண்டும் என்பதே உங்களுக்குள்ள முக்கியப் பாதுகாப்பு. கலைத்தால் பணம் பிரிக்கும் வரிசையிலோ நடவடிக்கைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன், ஊழியர் சம்பளம், அடமானமில்லாத நிதிக் கடன், அரசு பாக்கி எல்லாம் போன பிறகே உங்கள் முறை. பல சமயம் அது பூஜ்யம்தான். அப்புறம் எதற்குக் கிளெய்ம் என்கிறீர்களா? திட்டத்தில் இடம்பெறாத கடன், திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் அழிந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. கிளெய்ம் போடாதவருக்கு அந்தச் சொற்பமும் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் செக் கேஸ் என்பேன். மாரடோரியம் நிறுவனத்துக்குத்தான். செக்கில் கையெழுத்திட்ட, நிர்வாகப் பொறுப்பில் இருந்த இயக்குநர்கள் மீது வழக்கு தொடரலாம் என்று அதே 2021-இல் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செக் பவுன்ஸுக்கு நீங்கள் அனுப்பிய நோட்டீஸும், பணம் தர அதில் உள்ள 15 நாள் கெடுவும் திவாலுக்கு முன்பே முடிந்துவிட்டதால் நிலைமை சாதகம். புகாரில் இயக்குநர்களையும் எதிரிகளாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று உங்கள் வக்கீலிடம் இன்றே கேளுங்கள். யாராவது தனிப்பட்ட உத்தரவாதம் எழுதித் தந்திருந்தால் அவரிடமும் தனியாகக் கேட்கலாம். 14(3) பிரிவு அதைத் தடுக்கவில்லை.

புது சரக்கு அனுப்பலாம், ஆனால் ஆர்.பி. எழுத்தில் தரும் ஆர்டருக்கு மட்டும். அந்தத் தொகை நடவடிக்கைச் செலவாகக் கணக்கில் ஏறி, எல்லோருக்கும் முன்னால் முழுதாகத் தரப்பட வேண்டியது. பில்லைத் தனி லெட்ஜரில் வையுங்கள். பழைய பாக்கியோடு கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.