பெரிய ரேடியேட்டர் மாட்டியும் சூடு குறையவில்லையா? கூலிங், கூலண்ட் ஒழுக்கு: கேள்வி-பதில்

கே: டிராக்கில் ஓட்டுவதற்காகத் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் மாட்டினேன். நல்ல வேகத்தில் போகும்போதும் சூடு ஏறுகிறது. இன்னும் பெரியதாகப் போடலாமா?

ப: வேண்டாம், முதலில் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். நிற்கும்போது சூடு ஏறினால் ஃபேனைச் சந்தேகப்படலாம். வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை, எதிர்க்காற்றே போதும். அப்போதும் வெப்பநிலை முள் ஏறினால், பெரும்பாலும் காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் ஓரத்து இடுக்கு வழியாக நழுவிப் போகிறது. புது ரேடியேட்டர் தடிமனாக இருப்பதால் பழைய பிளாஸ்டிக் தடுப்புகள் பொருந்தவில்லை என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள், வினை அங்கேதான் ஆரம்பிக்கும். பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் விளிம்புவரை தகடும் நுரைப் பட்டையும் வைத்து இடைவெளியே இல்லாமல் அடையுங்கள். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும், பானெட்டுக்குள் அழுத்தம் சேர்ந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் உதவாது. அப்புறம், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். போர்ஷே 996-இல் முன்பக்க மூலைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு இது தீராத தொல்லை, ஈரச் சருகு அங்கேயே கிடந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

கே: தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிட்டால் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், தாராளமாக ஓடும் இல்லையா?

ப: ஓடும், ஆனால் எங்கே? பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போதுதான் ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழி மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். கழற்றாதீர்கள்.

கே: சிலிக்கான் ஹோஸ் மாற்றியதிலிருந்து காலையில் மட்டும் சொட்டுகிறது, என்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது.

ப: கிளாம்பைக் கழற்றி அடியில் ஹோஸைத் தடவிப் பாருங்கள், வரிவரியாக வெட்டு விழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. சாதாரண திருகு கிளாம்பின் பட்டையில் இருக்கும் துளைகள் வழியாக மெத்தென்ற சிலிக்கான் பிதுங்கி அறுபடும், நீங்கள் இறுக்க இறுக்க இன்னும் ஆழமாக அறுபடும். ஒழுகுவதற்குக் காரணம், குளிரில் குழாயும் ஹோஸும் சுருங்கும்போது கிளாம்ப் கூடவே சுருங்காமல் அப்படியே நிற்பதுதான். உள்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள, ஸ்பிரிங்கால் தானே இறுகிக்கொள்ளும் கிளாம்பை வாங்குங்கள். பட்டறையில் செய்த அலுமினியக் குழாய் என்றால் முனையில் புடைத்த வளையம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மொட்டைக் குழாயில் எந்த கிளாம்பும் அழுத்தத்தில் ஹோஸைப் பிடித்துவைக்காது. கிளாம்ப் அந்த வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேலே அல்ல. மாட்டும்போது வழுக்குவதற்கு கிரீஸ் தடவாதீர்கள், கொஞ்சம் கூலண்டே போதும்.

கே: ரேடியேட்டர் மூடியை 15-லிருந்து 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடிக்கு மாற்றலாமா?

ப: கொதிநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் உயரும். சூடு குறையாது, கொதிப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான். கூடுதல் அழுத்தம் முழுவதும் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) மீதும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பு மீதும் விழும், பழைய காரில் முதலில் விட்டுக்கொடுப்பவை அவைதான்.

கே: போர்ஷே 997 ஜிடி3 வாங்கப் போகிறேன். கூலண்ட் குழாய்களை வெல்டு செய்தாயிற்றா என்று கேட்கச் சொல்கிறார்கள். அவசியமா?

ப: டிராக்கில் ஓட்டுவீர்கள் என்றால் அவசியம். அந்தக் காரில் இருக்கும் மெட்ஸ்கர் வகை என்ஜினில் சில கூலண்ட் இணைப்புகள் வெறும் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. வருடக்கணக்கில் சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் பசை விட்டுவிடும். கூலண்ட் மொத்தமும் பின் டயர்களுக்கு அடியில் கொட்டினால் கார் உங்கள் கையில் இல்லை, பின்னால் வருபவருக்கும் ஆபத்து. வெல்டு செய்யலாம், அல்லது இணைப்பு கழலாமல் உலோக ஊசி (pin) அடித்து நிறுத்தலாம். இரண்டும் இல்லாத கார் என்றால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கே: எங்கும் ஈரம் இல்லை, ஆனால் கூலண்ட் குறைகிறது.

ப: என்ஜின் நன்றாக ஆறியபின் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கருவி) மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை மட்டும் ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதைச் சுற்றிக் காய்ந்த வெள்ளைப் படிவு தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. முன் சீட்டின் கால்மிதிக்கு அடியில் பிசுபிசுப்பா? ஹீட்டர் கோர். இரண்டும் இல்லாமல் டெஸ்டரின் முள் மட்டும் இறங்கினால், கூலண்ட் தொட்டியில் புகை வாயு கலக்கிறதா என்று சோதிக்கும் நீல நிற திரவத்தை வைத்துப் பாருங்கள். அது மஞ்சளானால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம், ரேடியேட்டருக்கு இனி பணம் போடாதீர்கள்.