அலமாரியில் கிடந்த டேப், புதிதாக வந்த தட்டு: மேடை ஜாஸ் பதிவுகளின் ஒலித்தரம் பற்றிக் கேள்வி பதில்

சில ஆண்டுகளாக, எங்கோ பெட்டியில் கிடந்த பழைய ஜாஸ் நிகழ்ச்சிகளின் டேப்கள் ஒவ்வொன்றாக எல்.பி.யாக (வினைல் தட்டாக) வந்துகொண்டிருக்கின்றன. விலையும் கொஞ்சநஞ்சமில்லை. அதனால் "எப்படிக் கேட்கிறது, வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ஈவினிங்ஸ் அட் த வில்லேஜ் கேட்' வாங்கினேன். டிரம்ஸ் காதை அடைக்கிறது, பியானோ எங்கோ தூரத்தில் இருக்கிறது. தட்டில் குறையா, என் ப்ளேயரில் குறையா?

இரண்டிலும் இல்லை. டேப்பே அப்படித்தான். 1961 ஆகஸ்டில் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் கிளப்பில் புதிய ஒலியமைப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காக, பொறியாளர் ரிச் ஆல்டர்சன் ஒரே ஒரு ரிப்பன் மைக்கை வைத்து டேப்பை ஓடவிட்டார். ரெக்கார்டு போடும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை. அந்த டேப் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவில் கிடைத்து, 2023இல்தான் வெளியானது.

ஒரே மைக் என்றால், யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அது இருந்த இடமே தீர்மானித்துவிடும். டிரம்ஸ் வாசிக்கும் எல்வின் ஜோன்ஸ் ஓங்கி வாசிப்பவர். மெக்காய் டைனரின் பியானோ அந்த அலையில் அமுங்கிப்போகிறது. மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முன் ஒலியைச் செப்பனிடும் வேலையில்) பியானோவை மட்டும் தூக்கிவிடவும் முடியாது. பியானோ இருக்கிற அதே அதிர்வெண்களில்தான் ஸ்னேர் டிரம்மும் சிம்பலும் இருக்கின்றன. ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூடவே எழும்.

இதோடு சேர்த்து, அதே ஆண்டு நவம்பரில் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் ரூடி வான் கெல்டர் பதிவு செய்ததைக் கேளுங்கள். அதே கோல்ட்ரேன், கூட வாசித்த அதே எரிக் டால்ஃபி, இடையில் மூன்று மாதம்தான். அது ரெக்கார்டுக்காகவே திட்டமிட்டுச் செய்த பதிவு; ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் நிற்கும். முதன்முதலாகக் கேட்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் எல்வின் ஜோன்ஸின் சிம்பல் எப்படி உருண்டு உருண்டு போகிறது, இடது கை அதற்குள் எங்கே வெட்டுகிறது என்று படிக்க வேண்டுமானால் வில்லேஜ் கேட் டேப்தான் சரி. டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டும் அதில் அற்புதமாக வந்திருக்கிறது. கடைசியில் வரும் 'ஆஃப்ரிக்கா' 22 நிமிடம் ஓடுகிறது. ரெஜி வொர்க்மன், ஆர்ட் டேவிஸ் என்று இரண்டு டபுள் பாஸ். ஸ்டுடியோவுக்கு வெளியே அந்தப் படைப்பைக் கோல்ட்ரேன் வாசித்ததாக நம்மிடம் உள்ள ஒரே பதிவு இது. டிரம்ஸ் தூக்கலாக இருப்பதற்காக இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்படியென்றால் கம்பெனி பதிவு செய்யாதது எல்லாம் இப்படித்தான் இருக்குமா?

இல்லவே இல்லை. 1968 அக்டோபர் 27 அன்று கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ உயர்நிலைப் பள்ளியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வாசித்தார். ஏற்பாடு செய்தது டேனி ஷெர் என்ற மாணவர். பதிவு செய்தவர் அந்தப் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். பதிவு செய்ய விட்டால் பியானோவுக்குச் சுருதி சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார். 2020இல் 'பாலோ ஆல்டோ' என்று வந்த அந்தத் தட்டைக் கேளுங்கள். பியானோ கிட்டத்தில், முழு உருவத்தோடு இருக்கிறது. லாரி கேல்ஸின் பாஸ் மங்காமல் கேட்கிறது. பேர்பெற்ற கம்பெனிகள் போட்ட சில மேடைப் பதிவுகளைவிட எனக்கு இது பிடிக்கும்.

இன்னும் பின்னால் போனால், 1940 நவம்பர் 7 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் டியூக் எலிங்டன் குழு ஒரு நடன அரங்கில் வாசித்ததை ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் நேரடியாகத் தட்டில் வெட்டி எடுத்தார்கள். டேப் புழக்கத்துக்கு வராத காலம். தட்டு முடிந்தால் மாற்ற வேண்டும், அதனால் சில இடங்களில் இசை அறுந்துபோகும். ஆனாலும் அந்த அரங்கின் காற்று அப்படியே அதில் இருக்கிறது.

பழைய டேப் என்றால் எப்போதும் ரசிகர் எடுத்தது என்றும் நினைக்க வேண்டாம். 1972 ஆகஸ்டில் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் வாசித்ததைப் பெரிய கம்பெனி ஒன்று 8 டிராக் கருவியோடு (எட்டுத் தனித் தடங்களில் பதியும் கருவி) வந்து பதிவு செய்தது. பிறகு அவருடைய ஒப்பந்தம் முடிந்துபோனதால் வெளிவராமலே நின்றது. 2022இல் மூன்று தட்டுகளாக வந்தபோது கேட்டால், அன்றே வந்திருக்க வேண்டிய ரெக்கார்டு என்று தெரியும்.

180 கிராம் தட்டு நன்றாகக் கேட்குமா அண்ணா?

எடைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தட்டு சமமாக இருக்கிறதா, நடுத் துளை சரியாக நடுவில் இருக்கிறதா, பிளாஸ்டிக் சுத்தமானதா என்பதைப் பாருங்கள். துளை கொஞ்சம் விலகியிருந்தால் பியானோவின் நீண்ட ஸ்வரம் மேலும் கீழும் அசையும்; 180 கிராம் அதைச் சரிசெய்யாது.

டிஜிட்டலைத் தொடாமல் டேப்பிலிருந்து நேராக வெட்டியதுதான் உண்மையான தட்டு என்கிறார்கள். இந்த வகைப் பதிவுகளில் டிஜிட்டல் நுழைந்தால் என்ன நஷ்டம்?

நல்ல நிலையில் உள்ள ஸ்டுடியோ டேப்புக்கு அந்த வாதம் பொருந்தலாம். மேடைப் பதிவுகளின் கதை வேறு.

அன்று ஓடிய கருவி பெரும்பாலும் கையில் தூக்கிப்போகும் வகை. வேகம் ஒரே சீராக இருந்திருக்காது. வேகம் மாறினால் சுருதி மாறும், பியானோ தள்ளாடும். இதைச் சரிசெய்ய ஓர் அருமையான வழி இருக்கிறது. டேப்பில் பதிவு செய்யும்போது காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு சிக்னலும் சேர்ந்து போகும். அதற்கு பயஸ் என்று பெயர். அதன் சுவடு டேப்பில் மிச்சமிருந்தால் அதையே அளவுகோலாக வைத்து வேகம் எங்கெங்கே தடுமாறியது என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். பிளாஞ்சென்ட் என்ற முறை இதைத்தான் செய்கிறது. டிஜிட்டலில் மட்டுமே முடிகிற வேலை இது.

இன்னொன்று, டேப்பின் உடல்நிலை. பழைய அசிடேட் டேப் காலப்போக்கில் வினிகர் நாற்றம் அடித்துச் சுருங்கி நொறுங்கும். 1970களின் சில டேப்களில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் உறிஞ்சி ஒட்டும். சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால்தான் ஓடவைக்கவே முடியும். அப்படிப்பட்டதைத் தட்டு வெட்டும் கருவியோடு இணைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவது ஆபத்து. முதலில் டேப்பைப் படிக்கும் ப்ளேபேக் ஹெட்டின் கோணத்தை அந்த டேப்புக்கு ஏற்றபடி திருப்பி வைத்து, ஒருமுறை சரியாக ஓட்டிப் பத்திரமாக மாற்றிக்கொள்வதே நல்லது. கோணம் சரியானாலே மூடியிருந்த சிம்பல் திறந்துகொள்ளும். பல மறுவெளியீடுகளில் நாம் வியக்கும் தெளிவுக்குக் காரணம் இந்தச் சின்ன வேலைதான்.

ஸ்டிக்கரில் 'அனலாக்' என்று இருக்கிறதா என்பதைவிட, எந்த டேப், எத்தனையாவது பிரதி என்று கேளுங்கள்.

கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியின் பாரிஸ் நிகழ்ச்சி திருட்டுப் பதிப்பாக என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதியதை வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். 1965 மார்ச் 27, தேயாத்ர் தே ஷான்செலிசே அரங்கில் பிரெஞ்சு வானொலி பதிவு செய்தது. பிரதியின் பிரதியாகப் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தது. ரெசொனன்ஸ் என்ற ரெக்கார்டு நிறுவனம் வானொலிக் காப்பகத்தின் மூல டேப்பிலிருந்து எடுத்து வெளியிட்டது. வெஸ் கட்டைவிரலால் மீட்டுகிறவர். அந்தச் சதையின் மென்மை ஒவ்வொரு பிரதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். மூல டேப்பில் அது இருக்கிறது. கலைஞரின் குடும்பத்துக்கும் இதில் பணம் போகிறது, அது எனக்கு முக்கியம்.

ஹிஸ் சத்தத்தை (டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை) முழுவதும் எடுத்துவிடலாமே, ஏன் விட்டுவைக்கிறார்கள்?

எடுக்கலாம். கூடவே சிம்பலின் வாலும், பிரஷ் உரசலும், அறையின் எதிரொலியும் போய்விடும். அளவு மீறிச் சுத்தம் செய்த பதிவு தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல இருக்கும். வாத்தியங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களும் இப்போது வந்திருக்கின்றன. அளவோடு பயன்படுத்தினால் சரி. ஹிஸ் ஒரே சீராக இருந்தால் சில நிமிடங்களில் காது அதை விட்டுவிடும். ஆனால் ஸ்வரத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் இரைச்சல் கடைசிவரை தொந்தரவு செய்யும்.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே அதே ஆரம்பம் மெல்லிசாகக் கேட்கிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். டேப்பைச் சுருட்டி ஆண்டுக்கணக்கில் வைத்தால் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் மெலிதாகப் படியும். அல்லது தட்டு வெட்டும்போது சத்தமான பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரை லேசாக அழுத்தியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. தட்டின் குறை என்றால், 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, எப்போதும் அந்த இடைவெளியில்தான் வரும். டேப்பின் குறை என்றால் ரீலில் எந்த இடம் என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும், ஸ்ட்ரீமிங்கிலும் அதே இடத்தில் கேட்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பகுதி கரகரக்கிறது. சாக்ஸஃபோன் உச்சத்துக்குப் போகும்போது மோசம்.

தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் ஓடும் பள்ளத்தின் நீளம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ., உள்ளே லேபிள் பக்கம் சுமார் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். மேடை ஜாஸில் ஒரே பாட்டு 20 நிமிடத்தைத் தாண்டும், உச்சமோ முடிவில்தான் வரும். இந்த இசைக்கு எல்.பி.யின் அமைப்பே கொஞ்சம் எதிரிதான். கார்ட்ரிட்ஜை (ஊசி இருக்கும் பாகத்தை) சரியாகப் பொருத்துங்கள். கூம்பு ஊசி இருந்தால் மைக்ரோலைன் என்ற மெல்லிய முனை வகைக்கு மாறுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன். 1965 அக்டோபர் 2 அன்று சியாட்டிலின் பென்ட்ஹவுஸ் கிளப்பில் கோல்ட்ரேன் வாசித்து, ஜோ பிரேசில் டேப்பில் பிடித்த 'எ லவ் சுப்ரீம்' 75 நிமிடம். 2021இல் இரண்டு தட்டுகளாக வந்தது. பக்கம் திருப்பித் திருப்பி அதைக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இடைவிடாமல் ஓட வேண்டிய இசை, சி.டி.யில் கேட்கிறேன்.

மோனோ (ஒற்றைத் தட) பதிவுக்குத் தனி கார்ட்ரிட்ஜ் வேண்டுமா?

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஊசியின் மேல்-கீழ் அசைவால் வரும் இரைச்சல் ரத்தாகிவிடும். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

பியானோ கலைஞர் பில் எவான்ஸின் 1968, 1969 பதிவுகள் மட்டும் நாலைந்து வந்துவிட்டன. எது ஒலியில் மேல்?

என் காதுக்கு முதலிடம் 'அனதர் டைம்'. 1968 ஜூன் 22, ஹாலந்தின் ஹில்வெர்சம் வானொலி நிலையத்தில் சிறு கூட்டத்தின் முன் வாசித்தது. எடி கோமஸின் பாஸில் விரல் படுவதும் மரம் அதிர்வதும் தனித்தனியாகக் கேட்கும். டிரம்ஸில் ஜாக் டிஜானெட். இந்த மூவர் குழு சில மாதங்கள்தான் சேர்ந்திருந்தது, அதனால் நல்ல பதிவு கிடைத்ததே பெரிய விஷயம்.

அடுத்து 'டாப் ஆஃப் த கேட்'. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் கிளாபின் அனுமதி பெற்று, வாத்தியங்களுக்குத் தனித்தனி மைக் வைத்து எடுத்தது. பின்னாளில் ரெசொனன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. லண்டன் ரோனி ஸ்காட்ஸ் பதிவுகள் ஒலியில் இவற்றுக்குக் கீழேதான். டிஜானெட் தன்னிடம் வைத்திருந்த 1968 டேப் கரடுமுரடு. ஆனால் அந்த இரவுகளில் எவான்ஸ் வாசித்த வேகம் வேறு எங்கும் கிடையாது. ஏற்கெனவே எவான்ஸைக் கேட்டுப் பழகியவர் மட்டும் அதை வாங்கட்டும்.

காசு கொடுப்பதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்ட்ரீமிங்கில் ஹெட்ஃபோன் வைத்து ஒரு பாஸ் சோலோவையும் ஒரு டிரம்ஸ் சோலோவையும் கேளுங்கள். டேப்பின் நிறைகுறை எல்லாம் அதில் தெரிந்துவிடும். தட்டு அதற்கு மேல் எதையும் கொண்டுவரப்போவதில்லை. அப்புறம், யார் பதிவு செய்தார், எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள் என்று உறையில் ஒரு வரிகூட இல்லாத தட்டைத் தொடாதீர்கள். அவற்றில் பல, சி.டி.யிலிருந்து எடுத்து அச்சிட்டவை.

ஒன்றே ஒன்று வாங்கத்தான் பட்ஜெட் இருக்கிறது சார். எதை வாங்கட்டும்?

தெலோனியஸ் மங்க் குவார்டெட், கோல்ட்ரேனுடன் கார்னகி ஹாலில். 1957 நவம்பர் 29. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிவு செய்தது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் லாரி ஆப்பிள்பாம் இந்த டேப்பைக் கண்டுபிடிக்கும்வரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு முன்பு, இருவரும் மேடையில் சேர்ந்து வாசித்ததற்கு நம்மிடம் இருந்தது கோல்ட்ரேனின் மனைவி நைமா ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சின்னக் கருவியில் எடுத்த டேப் மட்டும்தான். 1993இல் வந்த அது மங்கலானது, முதல் வெளியீட்டில் வேகமும் தவறு. கார்னகி பதிவு மோனோதான். ஆனாலும் மங்க் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது அந்த ஸ்வரம் அரங்கில் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்கும். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ஃபைவ் ஸ்பாட் பதிவை ஸ்ட்ரீமிங்கில் தேடிப் பாருங்கள். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.