கார்பன் ஃபில்டர் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறது? சிங்கப்பூர் வீட்டுக்கு அது தேவையா?

சல்லடை மாதிரி வடிகட்டுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள், முக்கிய வேலை அதுவல்ல. தேங்காய் ஓட்டையோ நிலக்கரியையோ கரியாக்கி, நீராவியில் மிக அதிகச் சூட்டில் வாட்டும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டாகின்றன. ஒரே ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும், அதாவது நான்கு அறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள் ஐந்துக்கும் மேல்! வாடை, நிறம் தரும் கரிமப் பொருள்கள் அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் கதை வேறு, அது கரியோடு வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடும். நம் குழாயில் வருவது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி, அது கொஞ்சம் பிடிவாதக்காரன், தண்ணீர் மெதுவாகப் போனால்தான் நன்றாக நீங்கும்.

உப்பு, ஃபுளோரைடு, கடினத்தன்மை எதையும் இது தொடாது. கிருமியையும் கொல்லாது, மாற்றாமல் விட்ட கார்ட்ரிட்ஜில் கிருமி வளரவே செய்யும் (என் வீட்டில் ஒன்றரை வருஷம் மறந்துபோய், கழற்றியபோது ஒரே வழவழப்பு).

இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வாடை பிடிக்கவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள், சரியா?