டார்கெட் முடிக்கிறாள், பதவி உயர்வு மட்டும் வரவில்லை: எஸ்.டி.ஆர். வேலையிலிருந்து டீல் முடிக்கும் வேலைக்கு

கேள்வி: என் மகள் பி.இ. முடித்து, சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் எஸ்.டி.ஆர். (சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்ரசென்டேட்டிவ்) ஆகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரவு ஷிஃப்ட். அமெரிக்காவுக்கு ஃபோன் செய்வது, மெயில் அனுப்புவது, மீட்டிங் வாங்கித் தருவதுதான் வேலை. மாதாமாதம் டார்கெட்டை முடிக்கிறாள். டீல் முடிக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால், அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம் என்கிறார்கள். பேசாமல் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லலாமா?

பதில்: வங்கித் தேர்வை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஐ.பி.பி.எஸ். அதிகாரித் தேர்வுக்குப் பொதுப் பிரிவிலேயே 30 வயது வரை நேரம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட்டில் இருந்துகொண்டு படித்தால் வேலையும் கெடும், படிப்பும் கெடும்.

வீட்டில் இதை ஃபோன் பேசும் வேலை என்று குறைத்துப் பேச வேண்டாம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ எனப் பல நிறுவனங்கள் இங்கே உட்கார்ந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் விற்று வளர்ந்தவை. விசா இல்லாமல், சென்னையிலிருந்தே அமெரிக்க நிறுவனத்தோடு பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ் வேலைகள் இங்கே உண்டு. அவை பெரும்பாலும் சிறிய, நடுத்தர வாடிக்கையாளர்களுக்கானவை. மிகப் பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர்களை அந்தந்த நாட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆகவே முதல் இலக்கு சிறு வாடிக்கையாளர் பிரிவு.

இனி வருவது உங்கள் மகளுக்கு.

அடுத்த குவார்ட்டர் என்ற பதிலுக்குப் பின்னால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். இடமே இல்லாமல் இருக்கலாம்: எத்தனை அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ் வேண்டும் என்பது ஆண்டுத் திட்டத்தில் முடிவாகும். ஜனவரியில் ஆண்டு தொடங்கும் நிறுவனத்தில் அந்தப் பேச்சு அக்டோபர் வாக்கிலேயே நடந்துவிடும்; பிப்ரவரியில் போய்க் கேட்டால் கதவு மூடியிருக்கும். இரண்டாவது, உங்களை விட்டால் மேனேஜரின் டார்கெட் விழும். மூன்றாவது, உங்களால் டீல் முடிக்க முடியும் என்பதற்கு அவர்கள் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. எது என்று தெரியாமல் காத்திருப்பதில்தான் வருடங்கள் போகின்றன. மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த இடம் எப்போது திறக்கும், முடிவெடுப்பவர் யார், அவர் எந்த எண்களைப் பார்ப்பார்? பேசி முடித்த அன்றே, பேசியதை ஐந்து வரியில் மெயிலாக அனுப்பி வையுங்கள். மேனேஜர் மாறினாலும் அந்த மெயில் இருக்கும்.

இப்போது எண்கள். மீட்டிங் டார்கெட்டை முடித்ததே தகுதி என்று நினைப்பதுதான் பெரிய சறுக்கல். உதாரணமாக, ஒருவர் மாதம் 15 மீட்டிங் வாங்குகிறார். 10 பேர்தான் வருகிறார்கள், அதில் 4-ஐத்தான் டீல் முடிக்கும் டீம், வாங்கக்கூடிய வாய்ப்பு என்று ஏற்கிறது. இன்னொருவர் 10 வாங்குகிறார். 9 பேர் வருகிறார்கள், 6 ஏற்கப்படுகின்றன. டேஷ்போர்டில் முதலாமவர் மேலே இருப்பார். இடம் திறக்கும்போது கூப்பிடப்படுபவர் இரண்டாமவர், ஏனென்றால் யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடந்த நான்கு குவார்ட்டர்களில் நீங்கள் கொடுத்த எல்லா மீட்டிங்குகளையும் ஒரு ஷீட்டில் போடுங்கள்: நிறுவனம், வந்தார்களா, ஏற்கப்பட்டதா, எந்தக் கட்டத்தில் நின்றது, ஏன் நின்றது, கையெழுத்தானால் எத்தனை டாலர். 'ஏன் நின்றது' என்ற பத்தியை சி.ஆர்.எம்.-மில் (வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் மென்பொருளில்) இருப்பதைப் பார்த்து நிரப்பாதீர்கள். அங்கே 'விலை' என்றோ 'பதில் இல்லை' என்றோ தான் இருக்கும். டீலைக் கையாண்டவரிடம் போய்க் கேட்டு எழுதுங்கள்.

திறமையில் உள்ள இடைவெளி வேறு வகை. உங்கள் அழைப்பு மூன்று நான்கு நிமிடம், அதன் குறி எதிராளியின் காலண்டரில் ஓர் அரைமணி. டிஸ்கவரி கால், அதாவது வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறியும் அழைப்பு. அதன் குறி நான்கு விஷயங்கள்: அவர்களுக்கு என்ன வலி, அது பணமாகவோ நேரமாகவோ எவ்வளவு தின்கிறது, பணம் ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு, ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும். 1990-களில் பி.டி.சி. என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் உருவான மெடிக் முறையும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது; கூடுதலாக, உள்ளே நமக்காகப் பேச ஆள் உண்டா, எந்த அளவுகோலில், எந்த வழியில் முடிவெடுப்பார்கள் என்பதையும் கேட்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. உங்கள் டீமில் ஜெயித்த கால் ஒன்று, தோற்ற கால் ஒன்று என வாரம் இரண்டு ரெக்கார்டிங் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த நான்கு பதில்களும் எந்த நிமிடத்தில் வந்தன என்று குறியுங்கள். தோற்ற கால்களில் பலவற்றில் மூன்றாவது கேள்விக்கான பதில் கடைசிவரை வந்திருக்காது.

எஸ்.டி.ஆர். கண்ணுக்கே படாத பகுதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சரி என்று சொன்ன பிறகுதான் அது தொடங்கும்: பாதுகாப்புக் கேள்வித்தாள், தரவுப் பாதுகாப்பு பற்றிய சாக் 2 தணிக்கை அறிக்கை, ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால் ஜி.டி.பி.ஆர். சட்டப்படியான தரவு ஒப்பந்தம், இரு தரப்பு வக்கீல்களின் திருத்தங்கள், வெண்டர் பதிவு, பர்சேஸ் ஆர்டர். 'சரி' கிடைத்துவிட்டது என்று மார்ச் மாதக் கணக்கில் சேர்த்த டீல் ஏப்ரலுக்குத் தள்ளிப் போவது இங்கேதான். உங்கள் மீட்டிங்கிலிருந்து பிறந்த டீல் ஒன்றில் கடைசிவரை மெயில் சி.சி.யில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு டீலை இப்படி முழுதாகப் பார்த்தவருக்கு, கையெழுத்துத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, வக்கீலுக்கு இரண்டு வாரம், பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு வாரம் என்று திட்டமிடும் பழக்கம் வந்துவிடும்.

பார்த்தது போதும் என்ற கட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யத் தொடங்குங்கள். நீங்கள் வாங்கிய மீட்டிங்கில் முதல் பத்து நிமிடக் கேள்விகளை நீங்களே கேட்க அனுமதி வாங்குங்கள். அது நான்கைந்து முறை நன்றாகப் போனால், மற்றவர்கள் தொட விரும்பாத டீல்களைக் கேளுங்கள்: ஐந்து பத்து யூசர் மட்டும் உள்ள சின்ன ஆர்டர்கள், ஆறு மாதத்துக்கு முன் தோற்றுக் கிடக்கும் பழைய வாய்ப்புகள். அப்படி முடித்த இரண்டு சின்ன டீல்கள் எந்தப் பயிற்சிச் சான்றிதழையும்விட எடை கூடியவை.

பிறகு மாக் டெமோ வரும்: உங்கள் நிறுவனத்தவரே வாடிக்கையாளர் போல் உட்கார, நீங்கள் விற்றுக் காட்டும் ஒத்திகை. அரைமணியில் ஐந்து நிமிடம் அறிமுகமும் நோக்கமும், பன்னிரண்டு நிமிடம் கேள்விகள், எட்டு நிமிடம் டெமோ, ஐந்து நிமிடம் அடுத்த கட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொறியியல் படித்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்: புராடக்ட் நன்றாகத் தெரியும் என்பதாலேயே ஒவ்வொரு திரையாகக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். எதிராளி சொன்ன வலிக்கு நேரான இரண்டு வசதிகள் போதும். தள்ளுபடி கேட்டால் உடனே கொடுக்காதீர்கள். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டுவார்களா, இந்தத் தேதிக்குள் கையெழுத்தாகுமா என்று பதிலுக்கு ஒன்றைக் கேளுங்கள். அடுத்த சந்திப்பின் நாளும் நேரமும் குறிக்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று முடியும் அழைப்பு, மாக்காக இருந்தாலும் தோல்விதான்.

இடம் கிடைத்த பிறகு போடவேண்டிய கணக்கு ஒன்று. குவார்ட்டருக்கு 60,000 டாலர் கோட்டா (விற்க வேண்டிய தொகை), சராசரி டீல் 6,000 டாலர், ஐந்து வாய்ப்பில் ஒன்று ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 டீல் வேண்டும் என்றால் 50 வாய்ப்புகள் வேண்டும்; 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் நான்கு. எஸ்.டி.ஆர். இரண்டுதான் தருகிறார் என்றால் மீதி இரண்டை நீங்களே தேட வேண்டும். புதிதாக மாறியவர்கள், இனி கோல்ட் கால் (முன்பின் தெரியாதவரை அழைப்பது) நம் வேலை இல்லை என்று ஃபோனை வைத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதம் கைக்கு வந்த பழைய வாய்ப்புகளில் ஓடிவிடும். மூன்றாம் மாதம் பைப்லைன் (கைவசம் உள்ள வாய்ப்புகள்) காலி என்று தெரியும்போது அதை நிரப்ப நேரமிருக்காது. தினமும் ஒரு மணி நேரம் தேடலுக்கென்று காலண்டரில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? மேனேஜர் சொன்ன அளவுகோலை எழுதி அந்த ஐந்து வரி மெயிலை அனுப்பிய நாளிலிருந்து இரண்டு குவார்ட்டர். எண்களை எட்டியும் இடம் தரவில்லை என்றால் வெளியே பாருங்கள். வெளியே எளிதல்ல: பல நிறுவனங்கள் ஏற்கெனவே டீல் முடித்தவரைத்தான் கேட்கும், ஆகவே முன்பு சொன்ன அந்த இரண்டு சின்ன டீல்கள் இங்கேயும் கைகொடுக்கும். தேடலிலிருந்து கையெழுத்துவரை ஒருவரே செய்யும் வேலைகள் சிறு நிறுவனங்களில் கிடைக்கும், அங்கே கற்றுத்தர ஆள் இருக்க மாட்டார். இரவு ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால் வளைகுடா, சிங்கப்பூர், இந்தியச் சந்தைகளைப் பாருங்கள். சவூதியில் வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விலை பேசவே பிடிக்கவில்லை, வாடிக்கையாளரின் சிக்கலைத் தீர்ப்பதுதான் பிடிக்கிறது என்றால் விற்பனையின்போது தொழில்நுட்பத்தை விளக்கும் சொல்யூஷன்ஸ் இன்ஜினியர், வாங்கிய பிறகு வாடிக்கையாளரைக் கவனிக்கும் கஸ்டமர் சக்ஸஸ் பிரிவுகள் உங்கள் படிப்புக்கு நன்றாகப் பொருந்தும். எஸ்.டி.ஆர். டீம் லீட் பதவியை மட்டும் ஆறுதல் பரிசாக ஏற்காதீர்கள். அது ஆட்களை நிர்வகிக்கும் பாதை. அங்கிருந்து டீல் முடிக்கும் வேலைக்குத் திரும்புவது இன்னும் கடினம்.

மறுபடி உங்களுக்கு, அப்பாவுக்கு. புதிய வேலையில் மொத்தச் சம்பளம் பெரிதாகத் தெரியும்; அதில் விற்பனையைப் பொறுத்து வரும் வேரியபிள் பங்கும் கூடியிருக்கும். ஒரு குவார்ட்டர் வேரியபிள் ஒன்றுமே வராமல் போகலாம். வீட்டுக் கடன், நகைக் கடன் தவணைகளை நிலையான சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன் மகளும் நீங்களும் உட்கார்ந்து ஐந்தைப் பாருங்கள்: முதல் மாதங்களுக்குக் குறைந்த கோட்டா உண்டா, கமிஷன் கையெழுத்தானதும் வருமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா, வாடிக்கையாளர் விலகினால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா, நோட்டீஸ் காலத்தில் இருக்கும்போது முடிந்த டீல்களுக்குக் கமிஷன் உண்டா, நோட்டீஸ் 60 நாளா, 90 நாளா. லெட்டரில் இருக்காத ஒரு கேள்வியை மகள் நேர்முகத்திலேயே கேட்டுவிட வேண்டும்: அந்த டீமில் போன ஆண்டு எத்தனை பேர் கோட்டாவை எட்டினார்கள்? இதற்கு எண்ணாகப் பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.