பதில்: எண்ணெய்க் கசிவு நிவாரணப் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை

அண்ணே, 2023 டிசம்பர்ல எண்ணூர்ல நடந்த எண்ணெய்க் கசிவுல அப்பாவோட வலை பாழாகியும், "உங்க ஊர் முகத்துவாரத்துக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம், பட்டியல்ல இல்லை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அதோட விட்டுடாதீங்க. கொசஸ்தலையாத்துத் தண்ணிக்கு மாவட்ட எல்லை தெரியுமா?

அரசு கொடுத்த நிவாரணம் வேற, சட்டப்படி கேட்கிற இழப்பீடு வேற. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிறது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்; அதோட 2010ஆம் வருஷச் சட்டம் 15ஆம் பிரிவுல பாதிக்கப்பட்டவரே அங்க மனு போடலாம். பாதிப்பு தொடங்கின நாள்ல இருந்து 5 வருஷம், அதாவது 2028 டிசம்பர் தொடக்கத்தோட கெடு முடியும். விபத்துன்னா எண்ணெய் கசியவிட்ட ஆலையோட தவறுன்னு நீங்க நிரூபிக்கணும்னுகூட இல்லை, 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்லுது. பாலாத்துல தோல் ஆலைக் கழிவால நிலம் கெட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமே வந்தது, 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பாலதான்.

முக்கியமா, அந்த வலையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மண்ணெண்ணெய்ல அலசினாலும் முடிச்சுக்குள்ள கறுப்பு அப்படியே நிக்கும், அதுதான் சாட்சி. தேதியோட போட்டோ, வலை வாங்கின ரசீது, மீனவர் கூட்டுறவு சங்க அட்டை, ஏலத்துல மீன் போட்ட சீட்டு எல்லாத்தையும் சேர்த்து வைங்க. தனியாப் போகாம பாதிக்கப்பட்ட குடும்பங்க சேர்ந்து போங்க.

மனுக் கட்டணம், நீங்க கேட்கிற இழப்பீட்டுத் தொகையில 1 சதவீதம், குறைஞ்சது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தா அதுவும் கிடையாது. தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மஹால்ல இருக்கு. வக்கீல் செலவுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல முதல்ல கேளுங்க.