‘இவ்வளவு அழகான ஊரில் இருந்துகொண்டு அழுகிறேன்’

வணக்கம் மேடம்.

எனக்கு 23 வயது. ஈரோடு பக்கம் சொந்த ஊர். அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். போன செப்டம்பரில் இத்தாலியில் பெருஜியா என்ற ஊருக்கு முதுகலை படிக்க வந்தேன். ரோமுக்கு வடக்கே மலை மேல் இருக்கிற பழைய ஊர். என் அறை உச்சியில், பேராலயத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் வகுப்புக்குப் போகும் வழியில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எட்ருஸ்கர்கள் என்ற பழைய இனத்தார் கட்டிய கல் வளைவுக்கு அடியில் நடந்து இறங்குகிறேன். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினேன். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, அதற்கு மேலே வெயிலில் நாங்கள் மட்டும், தூரத்தில் அசிசி ஊர் இருக்கிற மலை. அம்மா அதை ஸ்டேட்டஸில் வைத்து, ‘என் மக சொர்க்கத்துல இருக்கா’ என்று எழுதியிருந்தார். அந்தப் படம் எடுத்த காலையில்தான் என் முதல் தேர்வில் தேறாமல் வெளியே வந்திருந்தேன்.

இங்கே பல பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வுதான். எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்தது. எழுதச் சொல்லியிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். வாய் திறக்கவில்லை. பேராசிரியர் கோபப்படவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். கடைசியில் ‘அடுத்த முறை வாருங்கள்’ என்றார். இரண்டாவது பாடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். வீட்டில் 30-க்கு 26 என்று சொல்லியிருக்கிறேன். அப்பா அதைத் தறிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். என் செலவுக்காக இரண்டு தறியை விற்றவர் அவர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. ரொட்டியில் உப்பே இல்லை. பெருங்காயம் தாளித்தால் வீட்டுக்காரம்மா கேஸ் கசிகிறது என்று கதவைத் தட்டினார். அதிலிருந்து தயிர்ச் சோறுதான். கீழே ஒரு காப்பிக்கடை இருக்கிறது, ஆரம்பத்தில் தினமும் போவேன். நவம்பரில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுப் போனபோது, கடைக்கார அம்மா எங்கே காணோம் என்று கேட்டார். கேள்வி புரிந்தது, பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை, சுற்றிப் போகிறேன். இரவு மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை.

உலகமே பார்க்க ஆசைப்படும் இடத்தில் இருந்துகொண்டு அழுகிறேன். எனக்கு என்ன குறை? நன்றி கெட்டவளா நான்? திரும்பி வந்துவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், பெருஜியா

*

அன்புள்ள மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன், என் மகள் வயதுதான் உனக்கு.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலையில் பத்து நாள் உன் ஊரில் இருந்தேன். பேராலயப் படிக்கட்டில் உட்கார்ந்து, எதிரே 1270-களில் கட்டிய அந்த நீரூற்றைப் பார்த்துக்கொண்டே ஐஸ்கிரீம் தின்றிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. சொர்க்கம் என்றுதான் நானும் வீட்டுக்குப் படம் அனுப்பினேன். ஆனால் என்னிடம் திரும்பி வரும் டிக்கெட் இருந்தது, யாரும் என்னை எதுவும் கேட்கப்போவதில்லை. நான் பார்த்த ஊரும் நீ ஜனவரியில் நாலு மாடி அரிசி தூக்கிக்கொண்டு ஏறும் ஊரும் வேறு வேறு. ஒரு இடம் அழகாக இருப்பதற்கும் அங்கே உனக்கு ஒட்டுவதற்கும் சம்பந்தமே கிடையாது. ஊட்டியில் வேலைக்குப் போய் அழுதவர்களை எனக்குத் தெரியும். ஆகவே நன்றி கெட்டவள் என்ற பேச்சை இத்துடன் விடு. அழுகையோடு அழுததற்கான குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமப்பதால்தான் மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை.

சரி, தேர்வுக்கு வருகிறேன். இதில் உனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

உன்னோடு படிக்கும் இத்தாலியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இதற்குப் பழகியவர்கள். ‘இந்தெர்ரொகாத்ஸியோனே’ என்று பெயர்: ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வகுப்புக்கு முன்னால் நின்று பாடத்தை வாயால் சொல்ல வேண்டும், அதற்கு மதிப்பெண். சின்ன வயதிலிருந்தே இதுதான். உன்னையும் என்னையும் எப்படி வளர்த்தார்கள்? பெரியவர்கள் முன்னால் சும்மா இரு, கேட்டால் மட்டும் பேசு, சரியாகத் தெரிந்தால் மட்டும் சொல். பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதி எழுதியே விரல் காய்த்தவர்கள் நாம். உனக்கு மௌனம் மரியாதை. அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு மௌனம் என்றால் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உன் அறிவில் கோளாறு இல்லை. பழக்கமில்லாத விளையாட்டில் முதல் நாளே ஆடச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. இத்தாலியில் வாய்மொழித் தேர்வுகள் பொதுவில் நடப்பவை. மற்ற மாணவர்கள் போய் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த தேர்வுத் தேதி வருவதற்குள் வேறு பாடமாக இருந்தாலும் பரவாயில்லை, குறைந்தது நாலு பேருடைய தேர்வைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேள். பதிலைக் கவனிக்காதே, தெரியாத கேள்விக்கு என்ன செய்கிறார்கள் என்று பார். பெரும்பாலும் தெரிந்த பக்கத்து விஷயத்திலிருந்து பேச்சைத் தொடங்கி, சுற்றிக்கொண்டு அங்கே வருவார்கள். கைகள் முதலில் பேசும், வாய் பின்னால் வரும். நமக்கு அது சமாளிப்பு மாதிரி தெரியும். அங்கே அதற்குப் பெயர் பேச்சு.

இன்னொன்று. தேறாமல் போன தேர்வு உன் சராசரியில் சேராது. 18 வாங்கினால் தேர்ச்சி. 18 வேண்டாம், இன்னும் நன்றாகச் செய்வேன் என்று நினைத்தால் அந்த மதிப்பெண்ணை மறுத்துவிட்டு மறுபடி வருகிற மாணவர்களும் அங்கே உண்டு. குளிர்காலத்தில் தவறினால் ஜூன், ஜூலை. அதுவும் போனால் செப்டம்பர். ‘அடுத்த முறை வாருங்கள்’ என்று பேராசிரியர் சொன்னது நம் ஊர் ஃபெயில் இல்லை, தாயே. அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். நீ அதை அரியர் என்று மொழிபெயர்த்துக்கொண்டாய்.

அந்த 26-தான் எனக்குக் கவலை. பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை. ஜூனில் உண்மையிலேயே 26 வாங்கினாலும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட உனக்கு ஆள் இருக்காது, அதற்காக. அப்பாவிடம் சொல்லிவிடு. அம்மாவிடம் முதலில் வேண்டாம். அவர் அழுவார், நீ அவரைத் தேற்றப் போய்விடுவாய், உன் கதை பாதியில் நிற்கும். வீடியோ வேண்டாம், குரல் போதும். தறி ஓடும் நேரத்தில் கூப்பிடாதே. சத்தத்தில் அவர் ‘என்னம்மா, என்ன?’ என்று இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை நீ ‘ஒண்ணுமில்லப்பா, சாப்ட்டீங்களா’ என்று வைத்துவிடுவாய். இப்போது அங்கும் இங்கும் நாலரை மணி நேர வித்தியாசம். தறி நிற்கும் நாள் எது என்று உனக்குத் தெரியும். ‘அப்பா, அந்த 26 இன்னும் வாங்கலை. பயத்துல சொல்லிட்டேன். ஜூன்ல மறுபடி எழுதலாம்’ என்று மூன்று வாக்கியம் போதும். தறியை விற்றவருக்கு நூல் அறுவதும் தெரியும், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவதும் தெரியும். ஒரு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும்.

ஒன்று நேராகக் கேட்கிறேன். தூங்காத இரவுகளில், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இன்றே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல். அவசரம் என்றால் அங்கே 112. தோன்றவில்லை என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இப்படியே இருந்தால் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான கவுன்சலிங் எங்கே என்று கேள். பெரும்பாலான இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் இது இருக்கிறது. போனால் விசாவில் கறுப்புப் புள்ளி விழும் என்று நம் பிள்ளைகளிடம் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி ஒன்று சுற்றுகிறது, நம்பாதே.

உப்பில்லாத ரொட்டிக்கு அங்கே ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பாய். 1540-இல் போப் மூன்றாம் பால் உப்புக்கு வரி ஏற்றினார், ஊர் எதிர்த்து எழுந்து தோற்றது. எதிர்த்த பிரபுக் குடும்பத்தின் வீடுகளை இடித்து அதன் மேலேயே போப் ஒரு கோட்டை கட்டினார். நீ எஸ்கலேட்டரில் ஏறிப் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிறதே, அந்தப் புதைந்த தெருதான் அது. அந்தக் கோபத்தில் ரொட்டிக்கு உப்பு போடுவதை விட்டார்களாம். (பக்கத்து மாநிலமான டஸ்கனியிலும் ரொட்டியில் உப்பு கிடையாது, ஆகவே கதையை முழுசாக நம்ப வேண்டியதில்லை.) எப்படியோ, வீம்புக்காரர்கள் ஊர். நீயும் ஒரு வீம்பு பிடித்துவைத்திருக்கிறாய்: அந்தக் காப்பிக்கடை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சொர்க்கம், தேர்வு, தறி எல்லாம் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். காப்பிக்கடையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறாய். இத்தனை மாதத்தில் அந்த மலையில் உன்னைக் காணோம் என்று தேடிய ஒரே ஆள் அவர். அவரைத்தான் சுற்றிப் போகிறாய்! தேர்வு வாசலிலிருந்து திரும்பினாயே, அதே காலடிதான் இதுவும். பேராசிரியரைவிட இவர் சுலபம் என்பதால் இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

உன் இத்தாலியன் கொச்சையாக இருக்கும் என்று கூச்சமா? நீ தினம் இறங்கும் அந்த எட்ருஸ்க வளைவுக்கு எதிரே ஒரு மாளிகை இருக்கிறது, பார்த்திருப்பாய். வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழி கற்பிப்பதற்கென்றே 1920-களில் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஜப்பான்காரர், பிரேசில்காரர் என்று எத்தனை நாட்டுக்காரர்கள் தப்பும் தவறுமாகக் காப்பி கேட்டிருப்பார்கள்! நூறு வருஷமாக அதைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களின் காது, நம் காதைவிடப் பொறுமையானது. ஒரு யூரோ சொச்சம் ஆகும், நின்றுகொண்டே குடித்துவிட்டு வரலாம். தினமும் ஒரே நேரத்துக்குப் போ. (வீட்டில் சொல்லும்போது காப்பிக்கடை என்றே சொல், அங்கே அதற்குப் பெயர் ‘பார்’ என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.)

வீட்டுக்காரம்மாவிடம் பெருங்காய டப்பாவைத் திறந்து காட்டு. அவர் பயந்தது கேஸுக்கு, உன் சாப்பாட்டுக்கு இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளித்துக்கொள். தயிர்ச் சோற்றிலேயே ஒரு குளிர்காலத்தை ஓட்ட முடியாது.

திரும்பி வருவதா என்ற கேள்வியை ஜூலைக்குத் தள்ளிவை. இருட்டும் காலத்தில் எடுக்கிற முடிவு அது இல்லை. அந்த ஊரின் கோடையைப் பார்த்தபிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் எழுது, எப்படி வருவது என்று பேசலாம்.

இப்போதைக்குக் கடைக்கார அம்மாவுக்குப் பாக்கி இருக்கும் பதில்: ‘ஓ அவூத்தோ லா ஃபெப்ரே.’ எனக்குக் காய்ச்சலாக இருந்தது. நாலே சொல். இரண்டு மாசம் கழித்துச் சொல்கிறாயே என்று சிரிப்பார்.