பழைய கிட்டாரின் பிக்கப்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என்னிடம் 1970-களின் இறுதியில் செய்யப்பட்ட எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று உள்ளது. அதில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், காந்தமும் ஒற்றைக் கம்பிச்சுருளும் கொண்ட பகுதிகள்). பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப்பின் ஒலி மெலிந்துவிட்டது. நடுவில் உள்ளது, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டினால் கீச்சிடுகிறது. மூன்றிலுமே இரைச்சல் இருக்கிறது. காந்தங்கள் வலுவிழந்திருக்கும், மூன்றையும் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இந்த மூன்று குறைகளும் ஒரே காரணத்தால் வந்தவையாகத் தெரியவில்லை, காந்தத்தின் மீது பழி போடுவதற்கும் இவற்றில் எதுவும் இடம் தரவில்லை. இத்தகைய பிக்கப்புகளில் பெரும்பாலும் பயன்படும் அல்நிக்கோ காந்தம், வேறொரு வலுவான காந்தத்தின் அருகில் சிக்காத வரையில், பல பத்தாண்டுகள் கழித்தும் மிகச் சிறிதளவே வலுவிழக்கும். காலம் முதலில் கெடுப்பது கம்பிச்சுருளையும், இணைப்புகளையும், பாட் (வால்யூம், டோன் திருகிகளின் கீழுள்ள மாறு மின்தடை), ஸ்விட்ச், ஜாக் (கேபிளைச் செருகும் துளை) ஆகியவற்றையும்தான். எனவே எதையும் கழற்றும் முன் அளந்து பாருங்கள்.

அதற்குக் கிட்டாரைத் திறக்க வேண்டியதில்லை. கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து, வால்யூமை முழுவதும் திறந்துவிட்டு, ஸ்விட்சை ஒவ்வொரு பிக்கப்பாக மாற்றி மின்தடையைப் படியுங்கள். இவ்வகைச் சிங்கிள் காயிலுக்கு 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை வந்தால் சுருள் பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் என்பதால், குளிர்ந்த காலையிலும் வெயில் ஏறிய மதியத்திலும் எடுத்த அளவுகள் சற்று வேறுபடுவதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அளவு 250 கிலோ ஓமை ஒட்டி நின்றால், நீங்கள் படிப்பது சுருளை அல்ல, வால்யூம் பாட்டைத்தான். அதாவது, சுருளோ அதன் ஒயரோ எங்கோ அறுந்திருக்கிறது. எந்த நிலையிலும் எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கையும் கேபிளையும் பாருங்கள். வழக்கத்தைவிட மிகக் குறைவாகக் காட்டினால் சுருளின் சுற்றுகள் சில ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். மெலிந்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

அளவு சரியாக இருந்தும் பிரிட்ஜ் பிக்கப் மெலிந்து ஒலித்தால், அதன் உயரத்தைப் பாருங்கள். தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அழுத்திக்கொண்டு, தந்திக்கும் காந்த முனைக்கும் இடையே, தடித்த தந்திப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் சுமார் 2 மி.மீ. என்ற அளவில் தொடங்கலாம். பிக்கப்பின் கீழுள்ள ரப்பர் குழாயோ சுருள்வில்லோ தளர்ந்திருந்தால், அதை முதலில் மாற்றிவிடுங்கள். பாட்டையும் ஸ்விட்சையும் காண்டாக்ட் கிளீனர் தெளித்துப் பல முறை திருப்பிப் பாருங்கள். இழந்துவிட்டதாக நினைத்த ஒலி பல கிட்டார்களில் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறது.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காந்த முனைகள் சமமாக இல்லையே என்று எண்ணி அவற்றை விரலாலோ கருவியாலோ உள்ளே அழுத்தாதீர்கள். இவ்வகைப் பிக்கப்புகளில் ஏறத்தாழ 0.063 மி.மீ. தடிமனுள்ள செம்புக்கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகளாக, காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. காந்தம் நகர்ந்தால் அதையொட்டிய உட்சுற்று அறுந்துவிடும். நல்ல நிலையில் இருந்த பழைய பிக்கப்பை ஒரே நொடியில் ஊமையாக்கிவிடும் காரியம் இது. காந்த முனையில் துருப்புள்ளிகள் இருந்தால் மேலாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஃகு நார் எனப்படும் ஸ்டீல் வுல்லை அருகிலேயே கொண்டுவராதீர்கள், அதன் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும்.

நடுப் பிக்கப்பின் கீச்சொலிக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த சுருள். ஆம்ப்ளிஃபயரை இயக்கிவிட்டு, பிக்கப்பை மரப் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரளவு கேட்பது இயல்பு, மற்ற இரண்டைவிட இது மிக உரக்கக் கேட்டால் சுருள் அதிர்கிறது என்று பொருள். உருக்கிய மெழுகில் மூழ்கவைப்பதே இதற்கு வழக்கமான சிகிச்சை. பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த வேறொரு பாத்திரத்தில் உருக்கி, வெப்பமானியில் 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, காற்றுக்குமிழிகள் நிற்கும் வரை பிக்கப்பை அதில் வைத்திருக்க வேண்டும். மெழுகு தீப்பிடிக்கக்கூடியது என்பதால் நேரடி நெருப்பில் ஒருபோதும் வைக்கக் கூடாது. சுருள் பிளாஸ்டிக் சட்டத்தில் சுற்றப்பட்டிருந்தால் இந்தச் சூட்டிலேயே அது நெளியக்கூடும், அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது. ஆனால், எல்லாப் பழைய பிக்கப்புக்கும் மெழுகு நன்மை செய்யாது. கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கி, 1957-இல் கிட்டார்களில் வரத் தொடங்கிய தொடக்ககால ஹம்பக்கர்கள் (இரைச்சலைக் குறைக்க இரு சுருள்களை இணைத்த பிக்கப்புகள்) மெழுகில் தோய்க்கப்படாதவை. அவற்றின் திறந்த ஒலியில் அதற்கும் பங்குண்டு என்பதால், அவற்றைத் தொடாமல் விடுவதையே விரும்புகிறேன்.

இரைச்சலைப் பொறுத்தவரை, சிங்கிள் காயிலின் இயல்பில் ஒரு பகுதி அது. முழுவதும் போக்க முடியாது. தந்திகளைத் தொட்டதும் குறைந்தால் எர்த் இணைப்பு சரியாக உள்ளது. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். தந்திகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், ஆம்ப்ளிஃபயரை எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டுமே இணைக்க வேண்டும். உட்குழியில் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலில் ஒரு பகுதி குறையும். சிங்கிள் காயில் ஈர்க்கும் மின்காந்த இரைச்சல் அப்படியே இருக்கும்.

அளவெடுத்த பின், சுருள் அறுந்திருக்கிறது என்றே முடிவானாலும், அதே காந்தத்தின் மேல் புதிய கம்பியைச் சுற்றித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள்; பழைய கிட்டாருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே. புதியதைப் போடுவது என்று தீர்மானித்தால், சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்ற பாட் வழக்கத்தை நினைவில் கொள்ளுங்கள். புதியதும் பழையதும் ஒரே திசையில் இயங்குகின்றனவா என்பதையும் பாருங்கள்: மல்ட்டிமீட்டர் இணைந்திருக்க, காந்த முனையில் இரும்புத் திருகாணிக் கருவியை வைத்து வெடுக்கென்று எடுத்தால், அளவு ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டிலும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிரெதிராக நகர்ந்தால் புதியதன் இரு ஒயர்களையும் மாற்றிப் பற்றவையுங்கள். சாலிடரிங்குக்குப் பிசின் கொண்ட சாலிடரே போதும், அமிலம் கொண்ட ஃபிளக்ஸ் கூடாது. கழற்றும் முன் இணைப்புகளைப் படம் எடுத்துக்கொண்டு, பழைய ஒயர்களை வெட்டாமல் சாலிடரை உருக்கிப் பிரித்தெடுங்கள். அசல் பிக்கப்புகள் அசல் ஒயருடன் இருந்தால், என்றைக்கும் கிட்டாரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்; விற்கும்போதும் அவற்றுக்கு மதிப்பு உண்டு. அவற்றை ஸ்பீக்கரிலிருந்து விலக்கி, ஒன்றின் காந்த முனை மற்றொன்றைத் தொடாதபடி தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

புதியதைப் பொருத்தியதும் மீண்டும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். வலுவான காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் அதைத் தன்பக்கம் இழுக்கும். தடித்த தந்தியை உயர் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது சுருதி அலைவதாகத் தோன்றினால், பிக்கப்பைக் கால் சுற்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள்.